இரண்டரை மணி நேரக் கோடு

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, ஐம்பது வருடமாக, வருடத்தில் ஒருநாள் தவறாமல் நகர நூலகத்துக்குப் போய்வந்தாள். அவ்வளவு ஒழுங்கான வாசகர் அந்த நூலகத்துக்கு இன்னொருவர் வாய்த்திருக்க மாட்டார். நேராக உள்ளே போவாள். பத்திரிகை அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கான்கிரீட் சுவரின் முன் நிற்பாள். தோள் உயரத்தில் தொடங்கும் ஒரு கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, அது போகும் வழியே நடப்பாள். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், இடுப்புக்கு இறங்கி, முழங்கால் வரை சரிந்து, மறுபடி ஏறி, தூணோரம் காணாமல் போகும். அது சரியும் இடத்தில் அம்மா குனிவாள். முடிந்ததும் நிமிர்ந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். மொத்தமே பத்து நிமிடம்தான். ஒரு நூலகர் மனமிரங்கி உறுப்பினர் அட்டை போட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். "எனக்குப் புத்தகமெல்லாம் வேணாம் தம்பி, சுவரு போதும்" என்றாளாம்.

அந்தச் சுவருக்கு கான்கிரீட் போட்ட அன்று அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு மூன்று. அப்பாதான் மேஸ்திரி. ஆறு மீட்டர் உயரப் பலகை அடைப்பின் விளிம்பில் நின்று, உள்ளே கொட்டிய கலவையை வைப்ரேட்டர் குழாயால் குத்தி இறக்கிக்கொண்டிருந்தான் அண்ணன். கால் தவறி வெளிப்பக்கம் விழுந்தான். கீழே கம்பிக்கட்டு அடுக்கியிருந்தது. அவனை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை நின்றது. இரண்டரை மணி நேரம் கழித்து, 'கலவை இறுகுது, சுவர் வீணாப்போயிடும்' என்று மேலிடத்தில் சொன்னார்கள். அப்பா மறுபடி மேலே ஏறி மீதிச் சுவரைப் போட்டு முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் அண்ணனிடம் உயிர் மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்துப் பலகையைப் பிரித்தபோது சுவரில் அந்தக் கோடு இருந்தது. அண்ணன் விழுந்தபோது கலவை எந்த மட்டத்தில் நின்றதோ, அந்த மட்டம். அப்பா ஒரே ஒருமுறை அதைப் பற்றி அம்மாவிடம் சொன்னார். பிறகு சாகும்வரை அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவோ அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை பேர் வேலை செஞ்ச இடம் அது. எத்தனை மெஷினு. என் புள்ளைக்காக அத்தனையும் ரெண்டரை மணி நேரம் நின்னுச்சு. வேற எவனுக்காகடா நிப்பாட்டியிருக்கான் அவனுங்க?"

அண்ணனின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது அந்தக் கோடுதான்.

இப்போது என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழுதான கான்கிரீட்டை, பழுதே ஆகாதது போல் ஆக்குவது என் தொழில். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். இதுவரை என் வேலையை யாரும் பாராட்டியதில்லை. ஒட்டுப் போட்ட இடம் கண்ணில் பட்டால்தானே பாராட்ட முடியும்? கண்ணில் பட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். இப்படியொரு தொழிலை எந்தப் புத்திசாலியும் தேர்ந்தெடுக்க மாட்டான்.

நூலகத்தை நாற்பது வருடமாக ஊர் 'சிமென்ட் மூட்டை' என்றுதான் அழைத்தது. இடித்துத் தள்ளுங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதாத பெரிய மனிதர் இல்லை. ஒருநாள் அரசு அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்தது. மறுவாரமே அதே பெரிய மனிதர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்தே அதன் நேர்மையான முரட்டுத்தனம் தங்களைக் கவர்ந்ததாகச் சொன்னார்கள். பழுதுபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கட்டடத்தை இரண்டு வருடம் மூடினார்கள்.

"அப்ப இந்த வருசம் என்னை உள்ள விட மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"சாரம் கட்டியிருக்கும்மா. உனக்குக் கண்ணும் சரியாத் தெரியாது."

"சரி, நீதான் அங்க இருக்கியே. அன்னைக்கு எனக்குப் பதிலா நீ ஒரு தடவை தடவிட்டு வந்துடு. குனியற இடத்துல குனியணும். அவசரப்படாத."

எண்பத்தைந்து வயதில் அவள் கேட்டது அவ்வளவுதான். அண்ணன் விழுந்த நாளில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தடவினேன். குனிய வேண்டிய இடத்தில் குனிந்தேன்.

என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் என் கூட்டாளி. சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே எங்கே பொக்கு என்று சொல்லிவிடுவான். அதனால் அவனுக்கு 'காது' என்று பெயர். இன்னொருவர் பாரம்பரிய ஆலோசகர். எந்த வாக்கியத்தையும் கூடவே ஒரு விளக்கம் இல்லாமல் முடிக்க மாட்டார். காது அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர் வைத்தான்.

காது அந்தச் சுவரைத் தட்டிய நாளில் அடிக்குறிப்பும் வந்திருந்தார். கோட்டுக்கு மேலே டங், கீழே டங், கோட்டின்மேல் டொக். காது என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். அடிக்குறிப்போ கோட்டுக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பாருங்கள். மேதை இங்கே ஓர் அடிவானத்தை வரைந்திருக்கிறார். வாசகன் பத்திரிகையிலிருந்து தலையை உயர்த்துகிறான். எதிரே மலைத்தொடர் போல் ஒரு தொலைவு. அதாவது, சுவரே ஜன்னல் ஆகிவிடுகிறது."

மேதை என்பது கட்டடத்தை வடிவமைத்தவர். செத்து முப்பது வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது ஊர் அவரைச் சொன்ன பெயர் வேறு.

"மேதையும் கான்கிரீட்டும் உரையாடிய இடம் இது" என்றார் அடிக்குறிப்பு.

"என்ன சார் பேசிக்கிட்டாங்க?" என்று காது பணிவாகக் கேட்டான்.

"அதைத்தான் என் புத்தகத்தில் பதினேழு பக்கம் எழுதியிருக்கிறேன்."

"அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஈரச் சுவரே காஞ்சிரும் போல" என்றான் காது, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. எங்கள் வேலைக்கான ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: வடிவமைப்பாளரின் நோக்கம் எதுவோ அது காக்கப்படும், கட்டும்போது நேர்ந்த வழு எதுவோ அது சரிசெய்யப்படும். கோடு மேதையின் அடிவானமாக இருக்கும்வரை யாரும் அதைத் தொட முடியாது. அண்ணனுக்குக் காவலாக அடிக்குறிப்பே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொய்க்கு அவர் சம்பளம் வாங்குகிறார். நான் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டால் என்ன?

ஆனால் அடிக்குறிப்புக்குக் கோட்டின்மேல் காதல் முற்றிவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஒரு திட்டத்தோடு வந்தார். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், திரையில் சுவரின் படம். தலைவர், இளம் இன்ஜினியரம்மா, அதிகாரிகள் சிலர், கடைசி நாற்காலியில் நான்.

"அடிவானம் இப்போது மங்கலாக வாசிக்கப்படுகிறது" என்றார் அடிக்குறிப்பு. "அதைக் கூர்மைப்படுத்த வேண்டும். கிரைண்டரால் கோட்டின் வழியே அரை அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம். தூணோரம் மேதை நேரமின்மையால் நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்; அதை மறுமுனைவரை நாம் நிறைவு செய்கிறோம். பள்ளத்துக்குள் மெல்லிய விளக்குப் பட்டை. மாலையில் அது ஒளிரும்."

தலைவருக்கு விளக்குப் பட்டை பிடித்திருந்தது. "கலர் மாறுமா?" என்று கேட்டார்.

"மாற்றலாம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டிருந்தால் ஒரு பள்ளமும் பல்புமாவது மிஞ்சியிருக்கும். அம்மாவின் விரல் பள்ளத்தில் விழுந்திருக்கும். ஆனால் அண்ணன்மேல் கிரைண்டர் ஓடுவதுபோல் எனக்குப் பட்டது. எழுந்துவிட்டேன்.

"சார், அது அடிவானம் இல்ல. கோல்டு ஜாயின்ட்."

"அழகான சொல்" என்றார் அடிக்குறிப்பு.

"அழகெல்லாம் இல்ல சார். போட்ட கான்கிரீட் இறுகினதுக்கு அப்புறம் அதுமேல புதுசு போட்டா ரெண்டும் ஒட்டாது. அந்த எடத்துல விழற கோடு அது. அதை எவரும் வரையல. வேலை நின்னுபோச்சு, அவ்வளவுதான்."

"எதற்காக நின்றது?"

"எங்க அண்ணன் மேலேருந்து விழுந்து செத்துட்டான்."

தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாமே" என்றார்.

டீ முடிந்து வந்தபோது இன்ஜினியரம்மா பழைய கட்டுமான நாட்குறிப்பைக் கணினியில் தேடி எடுத்திருந்தாள். நல்ல பெண். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தாள். அந்தத் தேதிக்கான பதிவைத் திரையில் போட்டாள். சுவர் எண் ஏழு. பதினொன்று நாற்பது முதல் இரண்டு பத்து வரை வேலை நிறுத்தம். காரணம்: மழை.

"மழையா?" என்றேன். "அன்னைக்கு வெயில் கொளுத்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

"ஆவணம் மழை என்கிறது" என்றார் அடிக்குறிப்பு. அவர் முகம் வாடியிருந்தது. பதினேழு பக்கம் போன துக்கம் எனக்கும் புரிகிறது. "ஆக, இது மேதையின் நோக்கமல்ல. மழையால் நேர்ந்த வழு. வருந்துகிறேன். விதிப்படி சரிசெய்துவிட வேண்டியதுதான்."

ஒரு டீ நேரத்தில் மலைத்தொடர் வழுவாகிவிட்டது. என் அண்ணன் மழையாகிவிட்டான்.

"சுவரோட முன்பக்கத்தைத் தொடாம விட்டுடலாம்" என்றேன். குரலை இறக்கிக்கொண்டேன். "பின்பக்கத்துலேருந்து ரெசின் பசை ஏத்தினா கோட்டு வழியாத் தண்ணி கசியறது நின்னுடும். கோடு அப்படியே இருக்கட்டும்."

இன்ஜினியரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணா, மருந்து அடிச்சுப் பாத்தோமே. நல்ல கான்கிரீட்டுன்னா ரோஸ் கலரா மாறணும். கோடு நெடுக மாறவே இல்ல. உள்ள கம்பி துரு பிடிச்சு உப்பிட்டிருக்கு. வெட்டித்தான் ஆகணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவள் சொன்னது முழுக்க உண்மை. அந்த மேசையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதுவும் எனக்கு எதிராக நின்றது.

"சரி, வெட்டுவோம். திரும்பப் போடறப்ப அதே எடத்துல கோட்டை வெச்சுடறேன். எனக்கு அது மனப்பாடம்."

அடிக்குறிப்பு அதிர்ந்துபோனார். "போலிக் கோடா? மன்னிக்கவும். நாம் வரலாற்றைப் போலி செய்வதில்லை."

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதற்குக் கலர் விளக்குப் போடப் பார்த்த மனிதர். அவருக்கு அது நினைவில்லை. பெரிய கொள்கைக்காரர்களுக்கு நினைவு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், இருந்தால் கொள்கை தாங்காது.

கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. 'சுவர் எண் ஏழில் மழையால் ஏற்பட்ட வழு சரிசெய்யப்படும். பணியாளர் ஒருவர் தெரிவித்த குடும்பத் தகவல் அனுதாபத்துடன் குறித்துக்கொள்ளப்பட்டது.' எங்கே குறித்துக்கொண்டார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அன்று வீட்டில் அம்மா கேட்டாள். "என்னடா, முகமே சரியில்ல? கோட்டை ஒண்ணும் பண்ணிடலயே?"

"இல்லம்மா. இருக்கு."

"பத்திரம். மத்தவனை நம்பாத. நீயே பக்கத்துல நின்னு பாத்துக்க."

சரி என்றேன்.

வெட்டும் வேலையை வேறு ஆட்களிடம் கொடுத்தேன். மூன்று நாள் அந்தக் கூடத்துப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் போனபோது, கோடு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. துருவைச் சுரண்டிப் பூச்சு அடித்த கம்பி உள்ளே தெரிந்தது. இனி அதை மூட வேண்டும். காது என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"இதைக் கேளு. லீவு போட்டுடு. எவனாவது வந்து பூசட்டும். காலில பிளாஸ்திரி ஒட்டின மாதிரி பூசிட்டுப் போவான். கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தட்டும். உங்கம்மாவுக்கு அது போதும்."

"வேற எவனும் வேணாம். நானே வேணும்னே மோசமாப் பூசிடறேன்."

"உன்னால முடியுமா?"

"என்னடா கேள்வி இது?"

"ஊர்ல முக்கால்வாசிப் பேர் யாரும் சொல்லித் தராமலே மட்டமா வேலை செய்யறான். உனக்கு மட்டும் அது வராது, அதான் பயமா இருக்கு. பலகையைக் கோணலா அழுத்து. கலவையில நிறம் ஒரு சிட்டிகை தூக்கலாப் போடு. யோசிக்காத."

சரி என்றுதான் ஆரம்பித்தேன். அந்தச் சுவரின் நிறத்துக்கு இருபத்து மூன்று மாதிரிக் கட்டிகள் போட்டு வைத்திருந்தோம். பொருந்தாத ஒன்பதாம் எண்ணை எடுக்கச் சொன்னேன். கலக்கும்போது பார்த்தேன், மஞ்சள் அடித்தது. இதை எப்படி அந்தச் சுவரில் வைப்பது? அந்தக் கூடைக் கலவையைக் கொட்டிவிட்டு, பொருந்திய இருபத்து மூன்றாம் எண்ணையே கலக்கச் சொன்னேன். நிறம் இருந்துவிட்டுப் போகட்டும், தடத்தைக் கோணலாக்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவர் முழுக்கப் பலகைத் தடம். அப்பா அடித்த பலகைகள். மரத்தின் ரேகை, கணு, இரண்டு பலகை சேரும் இடத்தில் மெல்லிய வரப்பு, எல்லாம் கான்கிரீட்டில் அச்சாகியிருந்தது. ஒட்டுப் போடும் இடத்தில் அதே அகலப் பலகையை அழுத்தி எடுக்க வேண்டும். முதல் பலகையைக் கோணலாகத்தான் அழுத்தினேன். அப்பாவின் ரேகை மேலிருந்து நேராக வந்து, என் ஒட்டில் முறிந்து, கீழே மறுபடி நேராகப் போனது. பலகையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். இந்தமுறை ரேகைக்கு நேராக.

அதன் பிறகு எதையும் முடிவு செய்தது நானில்லை. கை முன்னால் போனது, பின்னால் நான் போனேன். முழங்கால் உயரத்தில், அம்மா குனிகிற இடத்தில் மட்டும், மயிரிழைக்கு ஒரு மேட்டை விட்டுவைத்தேன். விரலுக்கு அகப்படும், கண்ணுக்குத் தெரியாது. எழுந்து மூன்றடி பின்னால் வந்து பார்த்தேன். தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. தொழிலில் இருக்கிறவன் எவன் பார்த்தாலும் தெரியும். ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு அந்த மேட்டின் முன் மண்டியிட்டேன்.

காது சாயங்காலம் வந்தான். சுவரின் முழு நீளத்துக்கும் நடந்து போனான், திரும்பி வந்தான். கோடு எங்கே இருந்தது என்று தேடினான். நான்கு மாதம் தினமும் பார்த்த கோடு.

"அடப்பாவி" என்றான்.

பாதி போட்ட சுவரை எப்படி விடறது என்று அப்பா சொன்னாராம். எதற்குச் சொன்னார், யார் கேட்டார்கள் என்று தெரியாது. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம் வரும். மகன் கம்பிமேல் கிடந்துவிட்டுப் போயிருக்கிறான், இவருக்குச் சுவர் முக்கியமா என்று. இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு அம்மாவை அழைத்துவர வேண்டாம் என்று பார்த்தேன். அவள் கேட்பாளா? ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். கைத்தடியோடு வந்து இறங்கினாள். கூடத்தில் மேடை போட்டு, பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடிக்குறிப்பு ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மேதையின் கையிலிருந்து வந்த ஒவ்வொரு கோடும் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்றார். அதாவது, ஒரு கோடுகூட மறையவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். கைதட்டினார்கள்.

அம்மா மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போனாள். கைத்தடியை என்னிடம் கொடுத்தாள். தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். நகர்த்தினாள். கை நேராகப் போனது. ஐம்பது வருடப் பழக்கத்தில் சரியான இடத்தில் இடுப்புக்கு இறங்கியது. முழங்கால் இடம் வந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தாள். விரல்களை விரித்துத் துழாவினாள். தூண்வரை போனாள். திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வந்தாள்.

"இதெல்லாம் பலகைத் தடம்டா. கோடு எங்க?"

அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். "இங்கதாம்மா."

"இங்க ஒண்ணுமில்லயே."

கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பூசிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"நீ பக்கத்துல இல்லயா?"

"இருந்தேன்."

"அப்ப யாரு பூசினது?"

"நான்தாம்மா."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு கையையும் சுவரில் வைத்தாள். இரண்டு கைகளாலும் மேலே, கீழே, பக்கவாட்டில், நிதானமாகத் தடவிப் பார்த்தாள். மேஸ்திரியின் மனைவி. எங்கே எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒட்டே தெரியலயேடா" என்றாள்.

இருபத்தெட்டு வருடத்தில் என் வேலையை ஒருவர் பாராட்டியது அன்றுதான்.

மேடையில் யாரோ யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா கையை எடுக்கவில்லை. மிகவும் சாதாரணமாக, கடையில் விலை கேட்கிற மாதிரி, என்னைக் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கு வேலை நிக்கவே இல்லன்னு ஆயிடுச்சு. அப்படித்தானே?"

அவளுக்குக் கால் வலிக்குமே என்று நாற்காலி தேடிப் போனேன். எல்லா நாற்காலியும் மேடைக்கு முன்னால் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தபோது, அவள் முழங்கால் இடத்தில் மறுபடியும் குனிந்திருந்தாள்.